நின்றாள் என்னும் சொல்: வியாகுலப் பிரசங்கமும் விவிலிய வாசகமும்

சிலுவையருகே இயேசுவின் தாய் நின்றாள் என்பதற்கு மேல் யோவான் நற்செய்தியின் 19ஆம் அதிகாரம் 25ஆம் வசனம் அவளைப் பற்றி எதுவும் கூறவில்லை. அழுதாள் என்றோ, ஒரு சொல் உரைத்தாள் என்றோ அங்கில்லை. ஆயினும் தபசு காலத்து ஆலயங்களில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கக் கேட்போர் உள்ளத்தில் எழுவது புலம்பும் தாயின் உருவமே.

இந்நூல், கோவாவிலிருந்து 1705 இல் ஈழம் வந்து 1742 இல் போலவத்தையில் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகளுக்கு உரியதாகக் கொள்ளப்படுவது. கத்தோலிக்கத்தை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலம் அது. குருமார் சிலர், ஊர்களோ பல. குருவானவர் இல்லாத இடத்தில் மூப்பரோ அண்ணாவியோ உரத்து வாசிக்க, எழுத்தறியாதார் செவிவழி உளங்கொள்ள வேண்டியிருந்தது. அத்தகையோருக்கு வேதவசனத்தை நெருக்கமாக்கவல்ல வடிவம் இழவு வீட்டில் அவர்கள் அறிந்திருந்த ஒப்பாரியே. வாசகத்தின் மௌனத்தைப் பிரசங்கி நிரப்பியது இவ்வாறுதான். அதனை வெறும் மிகையென ஒதுக்குதல் நேர்மையன்று.

எனினும் நிரப்பியதால் இழந்ததும் உண்டு. தாய் நின்றதை வாசிப்பதாகவும் அழுததை வாசிக்கவில்லையென்றும் நான்காம் நூற்றாண்டிலேயே மிலான் ஆயர் அம்புரோஸ் சுட்டிக்காட்டினார். லூக்கா 23ஆம் அதிகாரத்தில் அழுகின்ற பெண்கள் வருகின்றனர். அவர்களிடம் இயேசு தமக்காக அழவேண்டாம் என்கின்றார். அழுகைக்கு ஆதாரம் தேடும் பிரசங்கி, அவ்வழுகையை அவர் திசைதிருப்பியதையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும்.

புத்தளக் கரையோரத்தில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. தலவில அன்னம்மாள் ஆலயம் அமைந்த அதே கரையோரத்தில்தான் கனமூலை போன்ற முஸ்லிம் ஊர்களும் உள்ளன. அங்குள்ளோர் மர்யமைக் குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தின் வழி அறிந்தவர்கள். பேரீச்சை மரத்தடியில் பிரசவ வேதனையில் அவர் வாய்விட்டுக் கதறுவதை அவ்வத்தியாயமே சொல்கின்றது. ஆங்கு கதறல் வாசகத்திலேயே உண்டு, யோவானிலோ இல்லை. அயலவரின் வேதம் சொல்வதையும் தன் வேதம் சொல்லாததையும் பகுத்துணராத பிரசங்கி இரண்டையும் ஒரே கண்ணீரில் கரைத்துவிடுவான்.

அடுத்த இரு வசனங்களை ஒப்பாரி பெரும்பாலும் மூடிவிடுவதே பெருங்குறை. மகன் தன் தாயைச் சீடனிடம் ஒப்படைக்கின்றான். சீடன் அவளைத் தன்னிடத்தில் ஏற்றுக்கொள்கின்றான். கடலுக்குச் சென்ற மகன் திரும்பாத வீட்டில், இனி இத்தாயை யார் பார்ப்பது என்ற கேள்வி அழுகை ஓயுமுன்னரே எழுந்துவிடும். யோவான் அதற்கு விடை எழுதியிருக்கின்றார். பிரசங்கம் அவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றது.