கானின் கண்ணீரும் காவலர் பட்டியலும்

"என் பெயர் கான், நான் பயங்கரவாதி அல்லன்!" - இந்த ஒரு சொற்றொடரை அமெரிக்கக் குடியரசுத் தலைவரிடம் நேரிற் சொல்ல, ஊர் ஊராக அலைகிறான் ஒருவன். 2010ஆம் ஆண்டில் கரண் ஜோஹர் இயக்கத்தில் வெளிவந்த 'மை நேம் இஸ் கான்' என்னும் இந்திப் படத்தின் நாயகன் ரிஸ்வான் அவன். ஷாருக்கான் அவனாகவே வாழ்ந்து காட்டியிருக்கிறார். கண்டோர் கலங்கினர், நாமும் கலங்கினோம். ஆயினும், கண்ணீரைத் துடைத்தபின் கருத்தைத் துலக்கிப் பார்ப்பதன்றோ நம் கடமை!

2001 செப்டம்பர் 11இல் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் சாய்ந்தன. அதன்பின் எழுந்த வெறுப்பிலே ரிஸ்வானின் இல்லமும் சாய்கிறது. 'கான்' என்ற பெயரைத் தாங்கிய சிறுவன் பள்ளித் திடலிலே தாக்குண்டு மடிகிறான். வளர்ப்புத் தந்தையோ விமான நிலையத்திலே சோதிக்கப்படுகிறான். பின்னர்ச் சிறைக்கூடத்திலே வதைபடுகிறான். வெறுப்பு தெருவிலே மட்டும் திரிவதில்லை, சீருடை அணிந்தும் வரும் என்று காட்டிய துணிவைப் பாராட்டுகிறோம். மிகையென்பார் உண்டோ? படம் வெளிவருமுன்னரே, 2009 ஆகஸ்டில், நெவார்க் விமான நிலையத்தில் அந்த நடிகரே நிறுத்தி விசாரிக்கப்பட்டார். கதையை முந்திக்கொண்டது நடப்பு!

ஆனால், தோழர்களே, படம் கேட்கத் தவறிய கேள்வி ஒன்று உண்டு. குற்றமற்றவன், "நான் குற்றவாளி அல்லன்" என்று ஏன் மெய்ப்பிக்க வேண்டும்? ரிஸ்வான் வெள்ளத்தில் சிக்கியோரைக் காக்கிறான். பள்ளிவாசலில் வன்முறை பேசியவனைக் காவல்துறைக்கு அறிவிக்கிறான். இத்துணை நற்சான்றுகளையும் சேர்த்த பின்னரே, படம் அவனைத் தலைவர்முன் நிறுத்துகிறது. வெள்ளத்தில் குதிக்காதவன், கடை வைத்துப் பிழைக்கும் எளியவன் - அவனுக்கு நீதி கிடையாதா?

அத்தகைய எளியவர்களின் கதையைத்தான் படம் சொல்லவில்லை. 2002இல் அமெரிக்க அரசு தனிப்பதிவுத் திட்டமொன்றை வகுத்தது. பட்டியலில் 25 நாடுகள். வட கொரியா நீங்கலாக, ஏனைய யாவும் முஸ்லிம்கள் பெருந்தொகையாய் வாழும் நாடுகள். அந்நாடுகளிலிருந்து வந்து, நிரந்தரக் குடியுரிமை பெறாது தங்கியிருந்த, 16 வயதும் அதற்கு மேலுமான ஆண்கள் அலுவலகம் சென்று கைரேகை தரவேண்டும், படம் பிடிக்க உட்படவேண்டும், வினாக்களுக்கு விடையிறுக்கவேண்டும். சென்றனர் 80,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் 13,000க்கும் மேற்பட்டோர்மீது நாடுகடத்தும் வழக்குகள் பாய்ந்தன. 2002 டிசம்பரில், லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் மட்டும், தாமாகச் சென்ற நூற்றுக்கணக்கானோர் - ஈரானியர் பலர் - சிறைப்பட்டனர். பயங்கரவாதி என்று தண்டனை பெற்றவர் எத்தனை பேர்? ஒருவரும் இலர்!

எங்ஙனம் அகப்படுவான்? வெடிகுண்டு வைக்க எண்ணியவன் வரிசையில் நின்று கைரேகை தருவானா? சட்டத்தை நம்பியவனே சென்றான், நம்பியவனே அகப்பட்டான். 1995இல் ஓக்லஹோமா நகரில் குண்டு வைத்து 168 உயிர்களைக் குடித்தவன் வெள்ளையன், முன்னாள் படைவீரன். அதற்காக வெள்ளைப் படைவீரர் அனைவரையும் வரிசையில் நிறுத்தினரா? இல்லை! அவன் செய்தது அவனோடு போயிற்று. இஸ்லாமியன் ஒருவன் செய்தாலோ, பழி இனத்தின்மேல் ஏறுகிறது. செயலைக் கண்டு ஐயுறுவது காவல். பிறப்பைக் கண்டு ஐயுறுவது மூடநம்பிக்கை - சகுனம் பார்ப்பதற்கு ஒப்பானது!

புதிய தலைவருடனான சந்திப்போடு படம் நிறைவு காண்கிறது. நடப்பு அவ்வாறு நிறைவு காணவில்லை. ஒபாமா 2009இல் பதவியேற்றார். பட்டியல் 2011 ஏப்ரலில்தான் கைவிடப்பட்டது. அதன் விதிகள் 2016 டிசம்பரில்தான் நீக்கப்பட்டன. அடுத்த மாதமே வந்த டிரம்ப், முஸ்லிம்கள் பெரும்பான்மையாய் வாழும் ஏழு நாட்டார் நுழையத் தடை விதித்தார். திருத்தி அமைக்கப்பட்ட அத்தடையை 2018இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. 2021இல் பைடன் அதனை நீக்கினார். 2025இல் வேறொரு நாட்டுப் பட்டியலோடு தடை மீண்டும் வந்தது.

அரியணையில் அமர்பவன் மாறினால் கருணையும் மாறும். ஆகவே, ரிஸ்வானுக்குக் கிடைத்த சந்திப்பு நமக்குப் போதாது. தலைவனைத் தேடி நடக்கவேண்டிய தேவையே இல்லாத சட்டம் வேண்டும். "என் பெயர் கான்" என்று ஒருவன் சொல்லிவிட்டு, அதற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்காமல் நடந்து செல்லும் நாள் வேண்டும். அந்த நாளைக் காட்டும் படத்துக்காகக் காத்திருக்கிறோம்!