முதலில் கொப்பி, பிறகு திருப்புளி

சென்னை ரிச்சி தெருவில் போய், பழைய நெட்வொர்க் அனலைசர் ஒன்று எழும்ப மறுக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். "இதே மாடல் வேற எங்கயாவது இருக்கான்னு பார்ப்போம் சார்" என்பதுதான் அநேகமாக முதற் பதில். அதே சேதியை மொறட்டுவையிலோ யாழ்ப்பாணத்திலோ ஓர் ஆய்வுகூடத்தில் சொன்னால் கொஞ்ச நேரம் பேச்சு வராது. பிறகு ஒருவர் மெல்லக் கேட்பார்: "ஹாட் டிஸ்க்கை ஆரும் கொப்பி எடுத்து வைச்சவையோ?"

பத்து வருஷம் சென்னையிலும் அதன் பிறகு கொழும்பிலும் அளவைக் கருவிகளோடு மாரடித்தவன் நான். இந்த இரண்டு பதில்களுக்கும் இடையில் இருப்பது வெறும் பணவசதி வித்தியாசம் என்றுதான் நெடுநாளாக நினைத்திருந்தேன்.

அது மட்டுமல்ல என்று விளங்க, கருவியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். குமிழும் கதோட்டுக் கதிர்க் குழாயுமாக இருந்த அலைவுகாட்டி 1990களின் பின்பாதியில் கணினியாக மாறத் தொடங்கியது. ஹியூலெட் பேக்கர்டின் இன்ஃபினியம் அலைவுகாட்டி விண்டோஸ் 95, 98 என்று ஓடியது. டெக்ட்ரானிக்ஸின் டிடிஎஸ் 7000 வரிசை விண்டோஸ் 98இல் வந்தது. அஜிலன்டின் பிஎன்ஏ நெட்வொர்க் அனலைசர் விண்டோஸ் 2000இல் எழும்பியது. ஹியூலெட் பேக்கர்டிலிருந்து 1999இல் அஜிலன்டும், அஜிலன்டிலிருந்து 2014இல் கீசைட்டும் பிரிந்தபடியால், ஒரே கருவிக்கு முகப்பில் ஒரு பெயர், கையேட்டில் ஒரு பெயர், பற்றுச்சீட்டில் ஒரு பெயர் என்று இருப்பதும் உண்டு. முன்பக்கத்து மைக்ரோவேவ் பகுதி இருபத்தைந்து வருஷம் சளைக்காமல் உழைக்கும். உள்ளே சுழலும் வட்டோ மேசைக் கணினிக்கென்று செய்த சாதாரணச் சரக்கு.

அந்த வட்டில் இருப்பவை எல்லாம் ஒரே பெறுமதி உள்ளவை அல்ல. விண்டோஸ் எங்கும் கிடைக்கும். கருவியை ஓட்டும் மென்பொருளைத் தேடினால் அகப்படும். ஆனால் பிஎன்ஏ போன்றவற்றில், தொழிற்சாலையில் அந்தக் குறிப்பிட்ட பெட்டியை அளந்து எழுதிய திருத்தக் கோப்புகளும் அதே வட்டில் இருக்கின்றன. கோப்பின் பெயரிலேயே கருவியின் தொடர் எண் இருக்கும். உலகத்தில் அதற்கு இரண்டாம் பிரதி இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

சென்னைக்கு வருவோம். அங்கே சந்தை பெரிது. அரசுத் துறைகளின் கழிவுப் பொருட்கள் எம்எஸ்டிசி என்ற அரசு நிறுவனத்தின் ஏலத்தில் போகின்றன. அவற்றுக்குள் அளவைக் கருவிகளும் வரும். பெங்களூரு எஸ்பி ரோடு, மும்பை லாமிங்டன் ரோடு, ரிச்சி தெரு என்று பலகைகளும் உதிரிகளும் கைமாறிக்கொண்டே இருக்கும். ஒரு கருவி செத்தால் இன்னொன்றை வாங்கி அதன் உறுப்புகளை எடுத்துப் போடலாம். இந்தச் சூழலில் வட்டின் பிரதி என்பது முன்யோசனையாக எடுத்து வைக்கும் பொருளாக இல்லை, தேவைப்படும்போது வாங்கும் பொருளாக இருக்கிறது. "கோஸ்ட் அடிச்சுத் தரேன்" என்பார்கள். நோர்ட்டன் கோஸ்ட் மென்பொருள் வழக்கொழிந்த பின்னும் அந்த வினைச்சொல் மட்டும் சாகவில்லை. அதே மாடலின் வட்டுப் பிரதி ஒருவரின் பென் டிரைவில் இருக்கும். யாருடைய கருவியிலிருந்து எடுத்தது என்று அதில் எழுதியிருக்காது.

நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் அப்படியொரு பிரதியைப் போட்டோம். கருவி எழும்பியது. எல்லோருக்கும் டீ சொன்னோம். அளவுத்திருத்தப் பெட்டியை மாட்டி வழக்கமான திருத்தம் செய்தோம். வடிகட்டிகளின் அளவுகள் பிசகில்லாமல் வந்தன. பிசகு எங்கே இருந்தது என்றால், அனலைசர் வெளியே அனுப்பும் சக்தியின் அளவில். பயனர் செய்யும் திருத்தம் விகிதங்களைச் சரியாக்கிவிடும், தனி அளவைச் சரியாக்காது. எங்கள் தொடர் எண்ணுக்குரிய கோப்பு அந்த வட்டில் இல்லை. கருவியும் அதைப் பெரிதாக முறையிடவில்லை. ஒரு பெருக்கியின் கம்ப்ரஷன் புள்ளி முந்தைய அறிக்கையோடு ஒத்துவராமல் போனபோதுதான் பிடிபட்டது. அதற்குள் சில வாரத்து அளவுகள் அறிக்கையாகிப் போயிருந்தன. எழும்பாத கருவியைவிட எழும்பிப் பொய் சொல்லும் கருவி பொல்லாதது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: சென்னையில் அப்படிப் பிசகிய கருவியைத் திருவான்மியூரில் உள்ள மின்னணுச் சோதனை மையம் போன்ற இடத்துக்குக் கொண்டுபோய், அளந்து சான்று வாங்க வழி இருக்கிறது. வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தால் கம்பனி ஆளே வருவார். ஆனால் அந்த ஒப்பந்தத்தின் முத்திரை திருகின் மேல் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்து வட்டைக் கழற்ற எந்தப் பொறியாளருக்கும் கை வராது. வட்டு நன்றாக இருக்கும் வருஷங்களில் முத்திரை தடுக்கிறது. ஒப்பந்தம் முடிந்து முத்திரைக்கு மதிப்பில்லாமல் போகும் வருஷத்தில் வட்டும் முடிகிறது.

இலங்கையில் முத்திரைக்குப் பயப்பட ஆளில்லை. பல்கலைக்கழகக் கருவிகளில் பல வெளிநாட்டு உதவித் திட்டங்களோடு வந்தவை. திட்டம் முடிந்ததும் பராமரிப்பும் முடிந்துவிடும். ஒரு மாடலில் ஒரேயொரு கருவி. இன்னொன்று வேண்டுமென்றால் சிங்கப்பூரைத்தான் பார்க்க வேண்டும். 2020க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடும் டொலர்த் தட்டுப்பாடும் வந்து அந்தப் பார்வையையும் மறைத்தன. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கெப்பாசிட்டர் வாங்கலாம், அனலைசர் வாங்க முடியாது. நான் கொழும்புக்கு வந்து சேர்ந்த முதல் வாரம், கருவியின் மூடியில் கை வைக்கப் போன என்னை மூத்த தொழினுட்ப உத்தியோகத்தர் தடுத்தார். "தம்பி, முதல்ல கொப்பியை எடும். பிறகு திருப்புளியைத் தூக்கும்." 1990களின் முற்பாதியில், மின்சாரமும் இல்லாமல் பற்றரிக்கும் தடை இருந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டு வளர்ந்த மனிதர் அவர். போனால் திரும்பி வராது என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சென்னைக்காரர் "ரிப்பேர்" என்பதை எங்கள் ஆட்கள் "திருத்துறது" என்பதும் எனக்கு அப்போதுதான் காதில் பட்டது. கட்டுரைக் கொப்பியைத் திருத்துவதும் அலைவுகாட்டியைத் திருத்துவதும் ஒரே சொல்.

அவர் பிரதி எடுத்த விதத்தைப் பார்க்க வேண்டும். லினக்ஸில் குனூ டிடிரெஸ்கியூ. வட்டைக் கழற்றி யூஎஸ்பி மாற்றியில் மாட்டி, விண்டோஸ் காட்டாத மூலைகளும் உட்பட முழு வட்டையும் ஒரே கோப்பாக இறக்குவார். சுகமான 20 கிகாபைட் வட்டென்றால் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். நோயாளி வட்டென்றால் நாட்கணக்கு. அந்த மென்பொருள் முதலில் சுலபமாக வாசிக்கக்கூடிய இடங்களை எல்லாம் வாரிக்கொண்டு, கெட்ட இடங்களைக் கடைசிக்கு விட்டுவைக்கும். எதுவரை வாசித்தது என்பதை ஒரு சின்னக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன காலத்தில் அந்தக் குறிப்புக் கோப்புத்தான் எங்களைக் காத்தது. கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இரண்டு மணித்தியாலம் வாசித்து, அடுத்த வெட்டு முடியும் வரை காத்திருந்து, கிளிக் கிளிக் என்று அழுத ஒரு வட்டை ஐந்து நாளில் வாசித்து முடித்தோம்.

பழைய டெக்ட்ரானிக்ஸ் 2465பி அலைவுகாட்டிகளிலும் இதே கதைதான். அவற்றில் வட்டு கிடையாது; பிற்காலத்துப் பெட்டிகளில் திருத்த எண்கள் டல்லஸ் டிஎஸ்1225 சில்லில் இருக்கின்றன. சில்லுக்குள்ளேயே லித்தியம் பற்றரி. தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் குறைந்தது 10 வருஷம். அந்தப் பத்து எப்போதோ கடந்துவிட்டது. சென்னையில் புதுச் சில்லு என்று கொடுப்பது சில வேளை மேலே புதிதாக எழுதிய பழைய சில்லு. கொழும்பில் நான் பார்த்தவர்கள் உள்ளதை முதலில் வாசித்து வைத்துவிட்டு, சில்லின் முதுகைச் சுரண்டி வெளியே ஒரு நாணயப் பற்றரியை ஒட்டவைத்தார்கள். பார்க்க அசிங்கம். வேலை செய்தது.

இவ்வளவும் சொல்லும்போது எங்கள் பக்கம் தராசு தாழ்ந்தாற்போல் இருக்கும். இல்லை. நாங்கள் எடுத்த பிரதிகள் சரியான பிரதிகள்தான். ஆனால் அவை எல்லாம் அந்த ஒரு மனிதரின் வெளி வட்டில் இருந்தன. இலங்கை அரச நிறுவனங்களில் ஆண்டுதோறும் பொருட் கணக்கெடுப்பு நடக்கும். கதிரைக்கும் மேசைக்கும்கூட இன்வென்டரி நம்பர் உண்டு. பிரதிக்கு நம்பர் இல்லை. ஆகவே கணக்கில் அது இல்லாத பொருள். 2022இன் பிற்பாதியில் நாட்டை விட்டுப் போன ஆயிரமாயிரம் பேரோடு அவரும் மெல்பேணுக்குப் போனார். இந்தியாவில் பிரதி தெருவில் திரிகிறது, ஆனால் யாருடையது என்று தெரியாது. இங்கே யாருடையது என்று நன்றாகத் தெரியும், ஆள் கடல் கடந்துவிட்டார்.

போன வருஷம் எங்கள் பிஎன்ஏயின் வட்டு ஒரேயடியாக நின்றது. வாட்ஸ்அப்பில் அவரைப் பிடித்தேன். இரண்டு கிழமை கழித்து, வீட்டுக் கராஜில் இன்னும் பிரிக்காமல் கிடந்த பெட்டிக்குள்ளிருந்து அந்த வட்டை எடுத்து, கோப்பை மேகக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டார். கோப்பின் பெயர் 'நியூ ஃபைனல் 2'. நியூ ஃபைனல் 1 எங்கே என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கோப்பை எழுதிப் போடுவதற்குக் கெமராவில் இருந்த கொம்பக்ட் ஃபிளாஷ் கார்ட் ஒன்றைத்தான் முதலில் முயன்றேன். அது தன்னைக் கழற்றக்கூடிய ஊடகம் என்று அறிவித்துக்கொள்ளும் வகை. விண்டோஸ் அதை நிலையான வட்டாக மதிக்கவில்லை. கைத்தொழிற் பாவனைக்கென்று செய்த கார்ட்தான் வேண்டும். சென்னைக்குப் போன நண்பன் ரிச்சி தெருவில் வாங்கி வந்தான். அனலைசர் எழும்பியது, தொடர் எண்ணைக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்தேன், எங்களுடையதேதான். அளவு சரியென்று தெரிந்த சக்திமானியை மாட்டிப் பார்த்த பிறகுதான் டீ சொன்னேன்.

பிரதியை இரண்டு வட்டுகளில் போட்டு, கருவியின் தொடர் எண்ணையும் எடுத்த திகதியையும் ஒட்டி, ஒன்றைக் களஞ்சியத்துக்கு அனுப்பினேன். களஞ்சியக் காப்பாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேர், இதுக்கும் இன்வென்டரி நம்பர் போட வேணுமோ?"

"போடுங்கோ."

பேரேட்டில் 'தளபாடம்' என்ற தலைப்பின் கீழ், ஒரு மேசை விளக்குக்கும் இரண்டு கதிரைகளுக்கும் நடுவில், அது இப்போது இருக்கிறது.