கடனை எழுதுவிப்பவர் யார்?

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனைப் பற்றியது. 'அல்பகரா' அத்தியாயத்தின் 282ஆம் வசனமான அது, குறித்த தவணைக்குக் கடன் கொடுக்கல் வாங்கல் செய்வோர் அதனை எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறது. நீதமாக எழுதும் எழுத்தர் வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதற்குச் சலிப்படையலாகாது என்றும் அறிவுறுத்துகிறது. இவற்றையெல்லாம் நம் மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதே வசனத்திலுள்ள மற்றொரு கட்டளை மட்டும் நம் கவனத்தைப் போதிய அளவு பெறவில்லை. எழுத்தருக்கு வாசகத்தைச் சொல்லி எழுதுவிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர் அல்லர், கடன்பட்டவரே.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் சிந்திக்கத்தக்கது. எவர் தோளில் சுமை ஏறுகிறதோ அவர் வாயாலேயே தொகையும் தவணையும் சொல்லப்பட வேண்டும். தன் கடனைத் தானே சொல்லி எழுதுவித்தவர் அதை அறியாதிருக்க இயலாது. கடந்த இருபதாண்டுகளில் செலவு, சிக்கனம், கடன் ஆகியவை குறித்து நம் இல்லங்களில் நேர்ந்துள்ள மனமாற்றத்தை இந்த ஓர் அளவுகோலால் மதிப்பிட விரும்புகிறோம்.

முந்தைய தலைமுறையின் வீடுகளில் மளிகைக் கடைப் பற்று நோட்டு ஒன்று இருந்தது. மாதம் முழுவதும் வாங்கிய அரிசியும் பருப்பும் எண்ணெயும் அதில் வரிவரியாக ஏறின. சம்பளம் வந்ததும் கணக்குத் தீர்க்கப்பட்டது. அதற்கு மேல் கடன் வேண்டுமெனில் ஒருவர் முகத்துக்கு முன் நின்று வாய் திறந்து கேட்க வேண்டும். அந்தக் கூச்சமே பல செலவுகளைத் தடுத்தது. அக்காலத்தைப் பொற்காலமாகச் சித்திரிப்பது நம் நோக்கமன்று. கந்துவட்டியும் மீட்டர் வட்டியும் எத்தனையோ குடும்பங்களைச் சிதைத்தன. அவற்றைத் தடுக்கத் தமிழக அரசு 2003இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அன்றைய சிக்கனத்திலும் ஒரு பகுதி, கடன் கொடுக்க ஆளில்லாமையால் விளைந்ததே. எனினும் கடன்பட்டவர் தம் கடன் எவ்வளவு, யாரிடம், எப்போது தீர வேண்டும் என்பதை மனப்பாடமாக அறிந்திருந்தார்.

இன்று கடன் கேட்கப்படுவதில்லை, வழங்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. 2016இல் தொடங்கிய யூ.பி.ஐ. முறை, பணப்பையைத் திறந்து தாள்களை எண்ணும் பழக்கத்தை மறக்கச் செய்தது. 2022 முதல் ரூபே கடன் அட்டையையும் அதனோடு இணைக்கலாம் என்றாயிற்று. ஆகவே கடையின் அதே க்யூ.ஆர். அட்டையில் தன் பணத்தைச் செலவிடும் விரலசைவும் பிறர் பணத்தைச் செலவிடும் விரலசைவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு 2022-23இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 5 சதவீதத்தை ஒட்டி வீழ்ந்ததை ரிசர்வ் வங்கியின் கணக்குகள் காட்டின. அது பல பத்தாண்டுகளாகக் கண்டிராத தாழ்நிலையாகும்.

இம்மாற்றத்திற்கு மொழியும் துணைபோயிருக்கிறது. நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் அதனை 'மூன்று வட்டி' என்று சொல்லி முகம் சுளிப்பது நம் மக்களின் வழக்கம். கடன் அட்டையின் நிலுவைக்குப் பல வங்கிகள் விதிப்பது மாதம் மூன்று முதல் மூன்றே முக்கால் சதவீதம். அதனை எவரும் 'மூன்றரை வட்டி' என்று சொல்லக் கேட்டதில்லை. 40,000 ரூபாய் நிலுவை வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். மூன்றரை சதவீத வீதத்தில் மாத வட்டி 1,400 ரூபாய்; அதன்மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. 252 ரூபாய். குறைந்தபட்சத் தொகை என்று அவர் 2,000 ரூபாய் செலுத்தினால், அசலில் குறைவது 348 ரூபாய் மட்டுமே. அவரோ அந்த மாதத்துக் கடமையை நிறைவேற்றிவிட்டதாக நிம்மதி கொள்கிறார்.

'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரம் இதைவிட நுட்பமானது. பெரும்பாலும் அதில் வங்கி வட்டியை வாங்கவே செய்கிறது. அவ்வட்டிக்குச் சமமான தொகையை விற்பவர் விலையில் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார். வட்டிமீதான வரி வாங்குபவரின் கணக்கிலேயே ஏறுகிறது. பூச்சிய சதவீத வட்டி என்ற ஒன்றே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013இல் வங்கிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையில் எடுத்துரைத்தது. வட்டியை விலக்குவதில் பேணுதலுடைய நம்மவர் பலர், வங்கிச் சேமிப்பில் சேரும் சிறு வட்டியை நன்மையை நாடாது ஏழைகளுக்கு ஒதுக்கிவிடுகின்றனர். அதே கையால் இத்தகைய தவணை ஒப்பந்தத்தில் ஒப்பமிடுகின்றனர். இதனைப் பாசாங்கு என்று நாம் சொல்ல மாட்டோம். அவர்கள் எழுதுவிக்கவில்லை, எழுதப்பட்டதை வாசிக்கவும் இல்லை. 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தை மட்டும் தொட்டார்கள்.

குறையில் பாதி நம் பிரசாரத்தையும் சாரும். வட்டி வாங்குவோனின் பாவத்தை விரிவாகப் பேசிய நாம், வட்டிக்குக் கடன் வாங்க வைக்கும் செலவைப் பற்றிச் சுருக்கமாகவே பேசினோம். கைக்கூலியைக் கண்டித்து உரையாற்றிய மேடையிலிருந்து இறங்கி, கடன்பட்டு நடத்தப்பட்ட திருமணத்தின் பெருவிருந்தில் அமர்ந்தோம். இமாம் ஷாத்திபி (மறைவு 1388) போன்ற அறிஞர்கள் மனித நலன்களை இன்றியமையாதவை, தேவைகள், அழகூட்டுபவை என மூன்று படிகளாக வகுத்தனர். ஒரு குடும்பத்தின் மாத வரவுசெலவை வகுப்பதற்கும் அது நல்ல சட்டகமாகும். நாமோ அதனைச் சட்டவியல் பாடமாகக் கற்பித்தோமேயன்றி வீட்டுக் கணக்காகக் கற்பிக்கவில்லை.

இளைய தலைமுறை இதற்கு மறுமொழி கூறுகிறது. சேமித்து வாங்குவதற்குள் விலை ஏறிவிடுகிறது; தவணை கட்ட வேண்டும் என்ற கட்டாயமே தங்களை ஒழுங்குபடுத்துகிறது; மருத்துவமனையும் பள்ளிக் கட்டணமும் சம்பள நாளுக்காகக் காத்திருப்பதில்லை என்கின்றனர். இவற்றில் உண்மை உண்டு. கடன்படுவது இழிவன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்தபோது, குடும்பத்தின் உணவுக்காகப் பெற்ற முப்பது ஸாஉ வாற்கோதுமைக்கு ஈடாக அவர்களின் கவசம் ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரில் கடனில் மூழ்கியோரும் அடங்குவர். அதே நபியவர்கள் கடன்பாட்டிலிருந்து இறைவனிடம் அடிக்கடி பாதுகாப்புத் தேடினார்கள். காரணம் வினவப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறுகிறான் என்ற பொருள்பட விடையளித்தார்கள். கடன் பொருளை மட்டுமன்றிப் பேச்சையும் கெடுக்கிறது என்பதே இதன் சாரம். வசூலிப்பவரின் அழைப்பு வரும்போது கைபேசியைக் குழந்தையிடம் கொடுத்து 'வாப்பா வீட்டில் இல்லை' என்று சொல்லச் சொல்பவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆகவே இளைஞர்களிடம் நாம் கேட்பது, கடனே வாங்காதீர்கள் என்பதன்று. இத்தொகை எதற்கு, மொத்தம் எவ்வளவு திருப்ப வேண்டும், எந்த நாளில் தீரும், அதில் வட்டி கலந்துள்ளதா என்ற நான்கு விடைகளையும் உங்கள் கையால் ஒரு தாளில் எழுதிவிட்டு முடிவு செய்யுங்கள் என்பதே. அவ்வாறு எழுதப் புகுந்தால், பல கடன்கள் தாளைத் தாண்டி வர மாட்டா என்பது நம் நம்பிக்கை.

மஹல்லாக்களிடம் கேட்பதும் உண்டு. கர்ழ் ஹஸனா எனும் அழகிய கடனை வழங்கும் பைத்துல்மால்கள் சில ஊர்களில் நலிவதற்குக் கொடுப்போரின் கஞ்சத்தனம் மட்டும் காரணமன்று. தனியார் நிறுவனத்தின் தவணையை நாள் தவறாது கட்டுபவர், ஜமாஅத்தின் கடனை அன்பளிப்பாகக் கருதிவிடுவதும் காரணமாகும். அங்கும் கடன்பட்டவரே சொல்லி எழுதுவிக்கட்டும்.

அந்த வசனம் இன்னொன்றும் சொல்கிறது. கடன்பட்டவர் விவரம் அறியாதவராகவோ பலவீனராகவோ எழுதுவிக்க இயலாதவராகவோ இருப்பின், அவருடைய பொறுப்பாளர் நீதமாக எழுதுவிக்க வேண்டும். கடனின் முழுச் செலவையும் ஆண்டு விகிதமாகக் காட்டும் தகவல் தாளைத் தனிநபர் தவணைக் கடன்களுக்கு அளித்தாக வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தாளை வாசித்துப் புரிந்துகொள்ள இயலாத பெண்களும் முதியோரும் தினக்கூலிகளும் நம் தெருக்களில் நிறைந்திருக்கின்றனர். சட்டவியலின் கண்டிப்பான பொருளில் நாம் அவர்களுடைய பொறுப்பாளர்கள் அல்லர். ஆயினும் ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் அலுவலகத்தில் ஒரு மேசையிட்டு, கணக்கறிந்த ஒருவர் அமர்ந்து, ஒப்பமிடுவதற்கு முன் அத்தாளை அவர்களுக்கு வாசித்துச் சொல்வதற்கு எந்த நிதியும் தேவையில்லை. கற்றோர் நிறைந்த ஒரு சமுதாயம் இதனையும் செய்யாதிருப்பின், கடனாளிகளைக் கடிந்து பேசும் உரிமை நமக்கு இல்லை.