ஓரத்தைப் பிடித்து இழுக்கும் பழக்கம்

மண்பானை வாங்குகிறவர்கள் அதை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் பானை வீட்டுக்கு வரும். சத்தம் அமுங்கினால் அது கடையிலேயே இருக்கும். எனக்கும் அப்படி ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒரு இணையத்தளத்தைத் திறந்தால் முதலில் படிப்பதில்லை. பிரவுசர் ஜன்னலின் வலது ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளுவேன், வெளியே இழுப்பேன், எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்குவேன். நல்ல பக்கம் தண்ணீர் மாதிரி இடத்துக்குத் தக்கபடி ஒதுங்கும். நான்கு பத்தி மூன்றாகும், மூன்று இரண்டாகும், ஒரு சொல்கூட இன்னொன்றின் தலையில் ஏறாது. மோசமான பக்கத்தில் அடியில் ஒரு ஸ்க்ரோல் பார் முளைக்கும், மெனு தலைப்பின் மேல் சாயும், பட்டனுக்குள் எழுத்து மூச்சு முட்டும். வெப் டெவலப்பராக இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். என் ரசனை முழுவதும் இந்த ஓரத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்த ஒதுங்கும் குணத்தைத் தருவது, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சி.எஸ்.எஸ். எங்கள் தொழிலில் அதிகமாகத் திட்டு வாங்குவதும் அதுதான். சர்வர் பக்கம் வேலை செய்பவர்கள் அதை ஒரு மொழி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் மேசைகளில் ஒரு காப்பிக் கோப்பையைப் பார்த்திருக்கிறேன். கோப்பையில் ஒரு கறுப்புக் கட்டம், அதற்குள் ‘சி.எஸ்.எஸ். இஸ் ஆசம்’ என்ற வாசகம். கடைசிச் சொல் மட்டும் கட்டத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கோ அதைப் பார்க்கப் பார்க்க அந்த மொழியின் மேல் மரியாதை கூடுகிறது. கட்டத்தின் அகலத்தை இறுக்கிப் பிடித்தது எழுதிய ஆள். சொல் அதில் அடங்கவில்லை. சொல்லை வெட்டிவிடலாம், அல்லது அசிங்கமாக வெளியே தெரிய விடலாம். வெட்டச் சொன்னால் சி.எஸ்.எஸ். வெட்டும், தானாக ஒருநாளும் வெட்டாது. பக்கம் கோணலாகத் தெரிந்தால் செய்தவனுக்கு வெட்கம், அவ்வளவுதான். சொல் காணாமல் போனால் படிக்க வந்தவருக்கு நஷ்டம். யார் பக்கம் நிற்பது என்பதை இந்த மொழியை வடிவமைத்தவர்கள் அப்போதே முடிவு செய்துவிட்டார்கள்.

அந்த முடிவின் வேர் 1994-இல் இருக்கிறது. ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் அப்போது வேலை செய்த நார்வேக்காரர் ஹோகோன் வியூம் லீ, அந்த ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி சி.எஸ்.எஸ்.ஸுக்கான முன்மொழிவை வெளியிட்டார். அதில் எழுத்தின் அளவுக்குப் பக்கத்தில் ஒரு சதவீதமும் இருந்தது. முதல்நிலைத் தலைப்பு 24 பாயின்ட், 100 சதவீதம். இரண்டாம்நிலைத் தலைப்பு 20 பாயின்ட், 40 சதவீதம். அந்த 40 என்ன என்று முதல்முறை படித்தபோது எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தை எழுதியவர் அந்த விஷயத்தில் எவ்வளவு செல்வாக்குக் கேட்கிறார் என்பதாம் அது. மிச்சம் படிப்பவருக்கு. கண் மங்கியவர் பெரிய எழுத்துக் கேட்கலாம், வேறொருவர் வேறொன்று கேட்கலாம், எல்லாரும் பேசி ஒரு முடிவுக்கு வரலாம். இன்னொரு குறும்பும் அதே முன்மொழிவில் உண்டு: பக்கத்துக்கு வயது மூன்று நாளைத் தாண்டிவிட்டால் பின்னணியை வெளிர் மஞ்சளாக்கு என்று எழுத முடியும். செய்தித்தாள் பழுப்பதுபோல இணையப் பக்கமும் பழுத்திருக்கும். இது ஏன் நடக்காமல் போயிற்று என்று எனக்கு இன்றுவரை ஏக்கம்தான்.

சதவீதப் பேரம் நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. டச்சுக்காரர் பெர்ட் போஸ் சேர்ந்துகொள்ள, இருவருமாகச் சீர்செய்த முதல் பதிப்பு 1996 டிசம்பரில் தரநிலையாயிற்று. பேரம் போனாலும் அதன் நியாயம் போகவில்லை. ஆச்சரியக்குறி போட்டு ‘இம்பார்ட்டன்ட்’ என்று எழுதினால் அந்த விதி மற்றவற்றை மீறி நிற்கும். முதல் பதிப்பில், பக்கத்தைச் செய்தவர், படிப்பவர் இருவருமே இப்படி எழுதினால் செய்தவர் ஜெயிப்பார். 1998-இல் வந்த இரண்டாம் பதிப்பு அதைத் திருப்பிப் போட்டது: இருவரும் அடம் பிடித்தால் கடைசி வார்த்தை படிப்பவருடையது. பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஆச்சரியக்குறிக்கு ‘இல்லை’ என்று பொருள் என்பதால் புரோகிராமர்கள் அதை ‘முக்கியமில்லை’ என்று படித்துக் குழம்புவது தனிக் கதை. சி.எஸ்.எஸ். தரநிலையை வகுக்கும் குழுவே தன் தவறுகளைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. அதில் இந்த ஆச்சரியக்குறியும் உண்டு. தன் குற்றப்பட்டியலைத் தானே பராமரிக்கும் குழு வேறு எங்கே இருக்கிறது?

நிறப் பெயர்களும் அப்படித்தான். எக்ஸ்11 என்ற பழைய யூனிக்ஸ் திரை மென்பொருளிலிருந்து வந்த பெயர்களும் பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்.டி.எம்.எல்.லில் இருந்த பெயர்களும் ஒன்றாகக் கலந்ததில் ‘அடர் சாம்பல்’ வெறும் சாம்பலைவிட வெளிறிப்போய் நிற்கிறது. மாற்றினால் பழைய பக்கங்களின் நிறம் மாறும் என்பதால் தொடாமல் விட்டுவிட்டார்கள். நிறப் பெயர்களின் பட்டியலில் 2014-இல் ஒரு ஊதா சேர்ந்தது, அதன் குறியீடு 663399. சி.எஸ்.எஸ். கற்ற என் தலைமுறைக்கு வாத்தியார் போன்ற எரிக் மேயரின் மகள், ஆறாம் பிறந்தநாளன்றே புற்றுநோயால் இறந்துபோனாள். அவளுடைய பிரியமான நிறம் ஊதா. அவள் பெயரால் அதை ‘ரெபெக்கா பர்ப்பிள்’ என்று எல்லா பிரவுசர்களும் ஏற்றன. செல்லப்பெயர் சின்னக் குழந்தைகளுக்கு, ஆறு வயதானதும் முழுப்பெயர்தான் என்று அவள் சொல்லிவைத்திருந்ததால் முழுப்பெயர்.

எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த இடம் அது புரியாததைக் கையாளும் விதம். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் மொத்தக் கோப்பும் படுத்துவிடும். சி.எஸ்.எஸ். தனக்குப் புரியாத வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடும். கல்யாணப் பந்தியில் தெரியாத பதார்த்தம் வந்தால் இலையில் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடும் பெரியவர் மாதிரி. இந்த ஒரு குணத்தால்தான் புதிய வசதிகளைத் தைரியமாக எழுத முடிகிறது. ‘கிரிட்’ என்ற கட்டமைப்பு முறை 2017 மார்ச்சில் பயர்பாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றிலும் சேர்ந்தாற்போல் வந்தது. பழைய பிரவுசர் வைத்திருந்தவருக்கு என்ன ஆயிற்று? அந்த வரி புரியவில்லை, விட்டுவிட்டது. எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தது. அழகு குறைந்தது, செய்தி குறையவில்லை.

கிரிட் வருவதற்குள் நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். கணக்கு வழக்குக்காகச் செய்த அட்டவணையை எடுத்துப் பக்கத்தின் சட்டகமாக்கினோம். அட்டவணைக்குள் அட்டவணை, அதற்குள் இன்னொன்று. இடைவெளி வேண்டுமா, ஒரு பிக்சல் அளவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படத்தை வைத்து அதை இழுத்து நீட்டு. இப்படிச் செய்த பக்கத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அது கல் மாதிரி நிற்கும். சி.எஸ்.எஸ்.ஸால் என்ன முடியும் என்று காட்ட 2003-இல் டேவ் ஷே ‘சி.எஸ்.எஸ். ஜென் கார்டன்’ தளத்தைத் தொடங்கினார். ஒரே எச்.டி.எம்.எல். கோப்பு, ஒரு எழுத்துக்கூட மாறாது. சி.எஸ்.எஸ். கோப்பை மட்டும் மாற்றினால் ஒருமுறை தோட்டம், ஒருமுறை சினிமா சுவரொட்டி. ஒரே ராகத்தைப் பத்துப் பேர் பாடிக் கேட்ட மாதிரி இருந்தது எனக்கு. அதை முதலில் பார்த்த இரவு வேலையைத் தள்ளிவைத்துவிட்டு ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றும் அந்தத் தளம் இருக்கிறது.

நாங்கள் கற்றதே அடுத்தவர் சமையலறையை எட்டிப் பார்த்துத்தான். பக்கத்தின் மீது ரைட் கிளிக் செய்து மூல நிரலைப் பார்க்கலாம். 2006-இல் ஜோ ஹியூவிட் செய்த ‘பயர்பக்’ வந்ததும் எட்டிப் பார்ப்பதோடு நிற்காமல் உள்ளே போய் உப்பும் போட முடிந்தது: ஓடும் பக்கத்திலேயே அளவை மாற்றிப் பார்க்கலாம், நிறத்தை மாற்றிப் பார்க்கலாம். இப்போது எல்லா பிரவுசரிலும் இருக்கும் இன்ஸ்பெக்டரின் முன்னோடி அது. கருவிகளில் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன், அதைத் தவிர. எந்த எடிட்டர் சிறந்தது என்ற சண்டையில் எனக்கு ருசியில்லை. அரிவாள்மனையோ கத்தியோ, வெங்காயம் பொடியாக விழுந்தால் சரி.

ஃபிரேம்வொர்க்குகள் என்ற ஆயத்த நிரல்தொகுப்புகளைப் பற்றிச் சொன்னால் நண்பர்கள் குறைவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். ஜேகுவெரியை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். 2006-இல் ஜான் ரெசிக் கொடுத்த அது, நான்கு பிரவுசரின் நான்கு கிறுக்குத்தனங்களை ஒரே பேச்சில் அடக்கியது. பிறகு பிரவுசர்களே அதன் வழியைக் கற்றுக்கொண்டன. அதனால் அது தேவைப்படாமல் போயிற்று. ஒரு கருவிக்கு அதைவிடக் கௌரவமான ஓய்வு இல்லை. 2011-இல் ட்விட்டரிலிருந்து வந்த பூட்ஸ்டிராப், டிசைன் தெரியாதவர்களையும் காப்பாற்றியது. கூடவே உலகத்தில் பாதித் தளங்களுக்கு ஒரே மூஞ்சியையும் ஒட்டியது. மேலே பெரிய படம், கீழே மூன்று அட்டைகள். டெயில்விண்ட் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம். அதன் அளவுகோல் அருமை, கண்டபடி 13 பிக்சல், 17 பிக்சல் என்று போடும் பழக்கத்தைக் குறைக்கும். ஆனால் ஒரு பட்டனுக்கு நாற்பது கிளாஸ் பெயரை மாலையாகக் கட்டித் தொங்கவிடும்போது, எட்டிப் பார்க்க வரும் அடுத்த பிள்ளை என்னத்தைக் கற்றுக்கொள்ளும் என்று தோன்றுகிறது.

ரியாக்ட் வேறு விஷயம். 2013-இல் ஃபேஸ்புக் அதை வெளியிட்டபோது, திரை என்பது தகவலின் விளைவு என்ற எண்ணம் எனக்குப் பளிச்சென்று பட்டது. அந்த எண்ணத்தில் குறையில்லை. அதை எங்கே கொண்டுபோய் வைக்கிறோம் என்பதில்தான் குறை. வேலை பார்த்த ஓர் இடத்தில், நான்கு பத்தி உரையும் ஒரு தொலைபேசி எண்ணும் மட்டுமே கொண்ட பக்கத்தை ரியாக்டில் செய்தோம். சர்வரிலிருந்து போனது ஒரு வெற்று ‘டிவ்’, அதாவது காலிப் பெட்டி. ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேர்ந்தால்தான் எழுத்து. ஒருநாள் எங்கோ ஒரு வரி தவறிப்போய்ப் பக்கம் வெள்ளையாக நின்றது, அந்தத் தொலைபேசி எண் உட்பட. எச்.டி.எம்.எல். கோப்பாக இருந்திருந்தால் பன்னிரண்டு வரி. அதை எழுதியதில் எனக்கும் பங்குண்டு; எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது.

என் சோதனையில் கடைசிப் படி தமிழ். ஆங்கிலத்தில் அழகாக நிற்கும் டிசைனை வாங்கி அதில் தமிழை ஊற்றினால் போதும், பானையின் விரிசல் தெரிந்துவிடும். ‘சப்மிட்’ அடங்கிய பட்டனில் ‘சமர்ப்பிக்கவும்’ அடங்காது. வரி உயரத்தை 1.2 என்று இறுக்கியிருந்தால் மேல்வரியின் ‘ணூ’ தொங்கிக் கீழ்வரியின் ‘கீ’ சுழியில் இடிக்கும், எனக்கு 1.7-க்குக் குறைந்தால் கண் கூசும். பத்தியின் அகலத்தை அளக்க ‘சி.எச்.’ என்றொரு அலகு உண்டு. ஒரு வரிக்கு 65 என்று ஆங்கிலத்துக்குப் போடுவார்கள். அந்த அலகு பூஜ்யம் என்ற எண்ணின் அகலம். நம் ‘ண’வும் ‘ஞ’வும் பூஜ்யத்துக்குள் எங்கே அடங்கும்? வரிக்கு ஐந்து சொல் விழுந்து பத்தி குச்சி மாதிரி நிற்கும். இரண்டு பக்கமும் ஓரம் சமமாக்கினால் நம் நீளச் சொற்களுக்கிடையே வாய்க்கால் வெட்டிய மாதிரி வெள்ளை ஓடும். இடது ஓரம் போதும் என்று விட்டுவிடுவேன். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் ஐந்து என்கிறது, புள்ளியையும் இகரக் குறியையும் தனித்தனியாக எண்ணி. மூன்று எழுத்து என்று சரியாக எண்ணிக் கொடுக்கும் ‘செக்மென்ட்டர்’ வசதி பயர்பாக்ஸுக்கு 2024-இல்தான் வந்து சேர்ந்தது.

இவ்வளவு தட்டிப் பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்த ஓசை ஒரு பழைய பானையுடையது. டிம் பெர்னர்ஸ்-லீ செர்னில் செய்த முதல் இணையத்தளத்தை இன்றும் திறக்கலாம். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, நீல இணைப்புகள். அகலம் என்று எதுவும் குறிக்கவில்லை, எழுதிய காலத்தில் சி.எஸ்.எஸ்.ஸே இல்லை. ஜன்னலை எவ்வளவு குறுக்கினாலும் சொற்கள் அடுத்த வரிக்கு இறங்கிக்கொண்டே இருக்கின்றன, கடைசியில் வரிக்கு ஒரே ஒரு சொல் மிஞ்சும்வரை. ஒன்றும் உடைவதில்லை.

அதே பக்கத்தை ஒருநாள் போனில் திறந்தேன். உடைந்தது. 2007-இல் ஐபோன் வந்தபோது, கல் மாதிரி நிற்கும் அட்டவணைப் பக்கங்களே எங்கும் நிறைந்திருந்தன. அதனால் போன் எந்தப் பக்கத்தையும் நம்பாமல், 980 பிக்சல் அகலத்தில் விரித்துச் சுருக்கிக் காட்டும்படி செய்தார்கள். நான் ஒதுங்குவேன், என்னைச் சுருக்காதே என்று பக்கம் தன் தலையில் ஒரு வரி எழுதி வைத்திருந்தால் மட்டுமே விலக்கு. முப்பது வருடத்துக்கு முந்தைய அந்தப் பக்கத்தில் அந்த வரி எப்படி இருக்கும்? நாங்கள் அடுக்கிய அட்டவணைகளுக்காக அது இன்றும் சுருங்கிக்கொண்டிருக்கிறது. அந்த ஒற்றை வரியை இன்ஸ்பெக்டரில் என் கையால் சேர்த்துப் பார்த்தேன். உடனே விரிந்து, திரைக்குச் சரியாகப் பொருந்தி உட்கார்ந்தது.