இரண்டு பதின்மூன்றாம் அதிகாரங்கள்

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் ஆளுவோருக்காக ஒரு ஜெபம் உண்டு. ஜனாதிபதி, பிரதமர், முதல்வர், அமைச்சர்கள், அதிகாரிகள் என்று வரிசையாக வரும். அவர்களுக்கு ஞானம் கொடும் என்று கேட்போம். அவர்களிடமிருந்து எங்களைக் காப்பாற்றும் என்று கேட்டதேயில்லை. 'அப்படியும் ஜெபிக்கலாமா ஐயா?' என்று ஒருமுறை போதகரிடம் கேட்டேன். 'ரோமர் பதிமூணை வாசிங்க தம்பி' என்றார். பேச்சு முடிந்தது.

தமிழில் இது ஒரு வினோதமான பதில். வேதாகமத்தின் அத்தியாயத்துக்கும் 'அதிகாரம்' என்றுதான் பெயர், போலீஸ்காரன் கையிலிருப்பதற்கும் அதே பெயர். ரோமர் 13 என்பது அதிகாரத்தைப் பற்றிய அதிகாரம். ஆட்சிகள் கடவுளால் ஏற்பட்டவை, அடங்கு, வரி கட்டு என்கிறார் பவுல். இந்த ஏழு வசனங்களை வைத்துக்கொண்டு அடிமை முறைக்கும் ஹிட்லருக்கும்கூட வக்காலத்து வாங்கியிருக்கிறார்கள்.

இந்தப் பிரதியை மாற்றி வாசிக்க எனக்குக் கற்றுத்தந்தது 1985 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் வெளியான கைரோஸ் ஆவணம். ஜூலையில் அங்கே அவசரநிலை வந்திருந்தது. கறுப்பர் குடியிருப்புகளில் ராணுவ வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. சொவேட்டோவில் கூடி விவாதித்து, 150க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட ஆவணம் அது. மூன்று இறையியல்களைப் பிரித்துக் காட்டுகிறது: அரசின் இறையியல், சபையின் இறையியல், தீர்க்கதரிசன இறையியல்.

அரசின் இறையியலை அது உடைக்கும் விதம் எளிமையானது. பவுல் எழுதியது ஒரு கடிதம். கடிதத்துக்கு முகவரி உண்டு. கிறிஸ்துவே ராஜா, ஆகவே எந்த ஆட்சியும் நமக்குத் தேவையில்லை என்று நினைத்த ஒரு கூட்டத்துக்கு எழுதப்பட்ட பதில் அது. முகவரியைக் கிழித்துப் போட்டுவிட்டு எல்லாக் காலத்துக்குமான சட்டமாக்கியது அரசின் வேலை. ஆட்சி கடவுளின் ஊழியன் என்ற வேலையை விட்டுவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு ரோமரில் பதில் இல்லை. அதற்கு வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்தைப் பார் என்கிறது ஆவணம். அங்கே ஆட்சி என்பது கடலிலிருந்து ஏறிவரும் மிருகம். ஒரே வேதம், ஒரே எண், எதிரெதிர் அதிகாரங்கள். போதகர் எனக்கு ஒன்றைத்தான் சொன்னார்.

அரசை விடச் சபையை இந்த ஆவணம் அதிகமாகச் சுடுகிறது. நிறவெறியை ஒப்புக்குக் கண்டித்துவிட்டு, அடிப்பவனையும் அடிபடுபவனையும் பார்த்து 'ஒப்புரவாகுங்கள்' என்று சொன்ன சபைகள் அவை. நீதி வராமல் ஒப்புரவு கேட்பது அடிமைத்தனத்துக்கு உடந்தை என்கிறார்கள். இதை வாசித்தபோது எனக்கு நம் ஊர்தான் ஞாபகம் வந்தது. டச்சு சீர்திருத்தச் சபை 1857இல் ஒரு தீர்மானம் போட்டது: சேர்ந்து ஆராதிப்பதே வேதத்துக்கு உகந்தது, ஆனாலும் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனியாக நடத்திக்கொள்ளலாம். அந்தப் பலவீனம் நமக்கென்ன புதுசா? தனி வரிசை, தனிக் கல்லறை எல்லாம் அதே பலவீனம்தானே. 1950இல் ஜனாதிபதி ஆணை தலித் கிறிஸ்தவரைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியருக்காகவும் 1990இல் பௌத்தருக்காகவும் திருத்தினார்கள், கிறிஸ்தவருக்காக இல்லை. அந்த ஞாயிறுகளிலும் ஜனாதிபதிக்கு ஞானம் கேட்டுத்தான் ஜெபித்திருப்போம்.

கைரோஸுக்கு மூன்று மாதம் முன்னால், சொவேட்டோ எழுச்சியின் நினைவு நாளான ஜூன் 16 அன்று, அநீதியான ஆட்சி முடிவுக்கு வர வேண்டுமென்று ஜெபிக்கும்படி அங்கே ஓர் அழைப்பு வந்தது. ஆலன் போசாக் போன்றவர்கள் அதன் பின்னால் இருந்தார்கள். சபைத் தலைவர்கள் எல்லோரும் ஏற்கவில்லை. அரசனுக்காக ஜெபி என்ற கட்டளையை அவர்கள் மீறவில்லை, ஜெபத்தின் திசையைத்தான் மாற்றினார்கள்.

ஆனால் எனக்கு இந்த ஆவணத்தோடு ஒரு சண்டை உண்டு. கொடுங்கோல் என்பதற்கு அது தரும் அளவுகோல், மக்களின் பொதுநலனுக்கு எதிரியாக இருப்பது. சிறுபான்மை வெள்ளை ஆட்சிக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. 1994இல் மக்களே ஓட்டுப் போட்டு மண்டேலாவைக் கொண்டுவந்த பிறகு? 'விமர்சனத்தோடு கூடிய தோழமை' என்றன சபைகள். தோழமை நின்றது, விமர்சனம் மெலிந்தது. நம்ம ஆட்சிதானே என்ற நினைப்பு. தேர்ந்தெடுக்கப்பட்டவன் மிருகமாக முடியாது என்று எந்த அதிகாரத்தில் எழுதியிருக்கிறது? போசாக்கே 1999இல் நன்கொடைப் பணத்தைக் கையாடியதற்காகத் தண்டிக்கப்பட்டார். அதனால் 1985இன் ஜெபம் பொய்யாகிவிடாது. ஆனால் நம்மவர் மேலும் ஒரு கண் வேண்டும் என்பதை ஆவணம் எழுதாமல் விட்டுவிட்டது.

2011இல் டெஸ்மண்ட் டுட்டுவின் 80ஆவது பிறந்தநாளுக்கு வரவேண்டிய தலாய் லாமாவுக்கு அரசு விசாவை இழுத்தடித்தது. அன்று நிறவெறி ஆட்சி விழ ஜெபித்ததுபோல உங்கள் ஆட்சி விழவும் ஜெபிப்போம் என்று கிழவர் பகிரங்கமாகச் சொன்னார். அந்த அரசு அவரும் பாடுபட்டுக் கொண்டுவந்தது.

மறு வருஷம் ஆகஸ்ட் 16. மரிக்கானா பிளாட்டினச் சுரங்கத்தில் கூலி உயர்வு கேட்டுக் குன்றின் மேல் உட்கார்ந்திருந்த தொழிலாளர்களைத் தேடிப் போனார் ஆங்கிலிக்கன் பேராயர் ஜோ செயோக்கா. நிர்வாகம் வந்து எங்களோடு பேசட்டும் என்றார்கள். அவர் போய்ச் சொன்னார். நிர்வாகம் மறுத்தது. அன்றைக்கே தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் போலீஸ் 34 பேரைச் சுட்டுக் கொன்றது.

அடுத்த ஞாயிறு அந்தக் குன்றைச் சுற்றியிருந்த கோயில்களில் ஆளுவோருக்காக என்ன ஜெபித்திருப்பார்கள்? எங்கள் போதகரிடம் இதையும் கேட்க வேண்டும்.