இரு மொழிகளுக்கிடையே ஒரு சிறுவன்

1881 முதல் 1924 வரை கிழக்கு ஐரோப்பாவினின்றும் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட யூதர்கள் அமெரிக்காவில் குடியேறினர். வறுமையும், ரஷ்யப் பேரரசில் மூண்ட யூத எதிர்ப்புக் கலவரங்களும் அவர்களைப் பெயரச் செய்தன. 1924ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாயிலை ஏறத்தாழ அடைத்துவிட்டது. அவர்தம் வாழ்வைச் சித்திரித்த நாவல்களுள், ஹென்றி ராத் 1934இல் வெளியிட்ட ‘கால் இட் ஸ்லீப்’ தனிச்சிறப்புடையது என்பது நம் கருத்து.

1907இல் நியூயார்க்கில் வந்திறங்கும் தாயும், மகன் டேவிடுமே கதையின் உயிர். ஆசிரியர் கையாண்ட உத்தி வியப்புக்குரியது. இல்லத்தில் பேசும் இத்திஷ் மொழியைச் செம்மையும் கவிநயமும் மிக்க ஆங்கிலத்தில் தருகிறார். தெருவில் பேசும் ஆங்கிலத்தையோ சிதைந்த வடிவிலேயே தருகிறார். எனவே, வீட்டில் அரசியெனத் திகழும் தாய், வெளியே சொல் தடுமாறும் எளியவளாகிறாள். வழி தவறிய சிறுவன் தெருவின் பெயரைத் தாய் உச்சரித்தவாறே கூறுகிறான். காவலர்க்கு அது விளங்கவில்லை. இரு மொழிகளுக்கும் உள்ள தொலைவை இவ்வொரு நிகழ்ச்சியே அளந்து காட்டுகிறது.

எனினும் ஒரு குறையைச் சுட்டாதிருக்க இயலாது. இத்திஷின் பெருமை பேசும் இந்நூலில், அதன் அழகு முழுதும் ஆங்கிலத்தின் உடைமையாகிவிட்டது. 1935இல் குடியேறிய பின்னும் இத்திஷிலேயே எழுதி, 1978இல் நோபல் பரிசு பெற்ற ஐசக் பஷேவிஸ் சிங்கர் தேர்ந்த நெறி வேறு. ராத்தின் அடுத்த நாவலோ 1994இல்தான் வெளிவந்தது.

தமிழகத்துக்கு வெளியே மக்களை வளர்க்கும் நாம் இந்நூலைப் படித்தல் வேண்டும். நம் பிள்ளைகள் நாளை நம்மை எம்மொழியில் நினைவு கூர்வர் என்னும் வினாவை அது நம்முன் வைக்கிறது.