இல்பொருளும் உள்பொருளும்
(அறிவியற் புனைகதை எழுதப் புகும் இளைஞர் பொருட்டு)

தமிழ் அணியிலக்கணத்தில் இல்பொருளுவமை என்று ஒன்று உண்டு. உலகில் எங்கும் இல்லாத ஒரு பொருளைக் கற்பித்து, அதனை உள்ள பொருளொன்றுக்கு உவமையாக்குவது அது. இதில் கருதத்தக்கவை இரண்டு. கற்பித்த பொருள் இல்லாததாயினும் அதன் உறுப்புகள் யாவும் நாம் அறிந்தவை. மேலும், அவ்வுவமையால் விளக்கம் பெறுவது இல்பொருள் அன்று, உள்பொருளே. அறிவியற் புனைகதை, கனவுருப் புனைகதை என இன்று வழங்கும் கதைகளைப் படிப்பதற்கும் எழுதுவதற்கும் இவ்விரண்டும் நல்ல அளவுகோல்களாகும் என்பது நம் கருத்து. இதனை ஆராயக் கொல்கத்தாத் தமிழராகிய நமக்குத் தனி உரிமையும் உண்டு. இந்திய மொழிகளில் இவ்வகைக் கதை தொடக்கத்திலேயே வேர்விட்ட நிலங்களுள் ஒன்று, நாம் குடியேறி வாழும் இவ்வங்கமே.

தைலப் புட்டியும் புயலும்

1896-ஆம் ஆண்டில், 'குந்தலீன்' என்னும் கூந்தல் தைலத்தைச் செய்துவந்த ஹேமேந்திர மோகன் போஸ் ஒரு சிறுகதைப் பரிசுத் திட்டம் ஏற்படுத்தினார். கதையில் தைலம் இடம்பெற வேண்டும். ஆயினும் விளம்பரமாகத் தோன்றலாகாது என்பது நிபந்தனை. அப்பரிசைப் பெற்றது 'நிருத்தேஷேர் காஹினி' என்னும் கதை. எழுதியவர் பிரசிடென்சிக் கல்லூரியில் இயற்பியல் பயிற்றிய ஜகதீச சந்திர போஸ்.

கொல்கத்தாவைத் தாக்கும் என அறிவிக்கப்பட்ட பெரும்புயல் வாராமலே மறைந்துவிடுகிறது. அறிஞர்கள் காரணம் தேடித் திகைக்கின்றனர். உண்மை யாதெனில், நோயுற்று உடல்நலம் தேடி இலங்கைக்குக் கப்பலேறிய ஒருவர், நடுக்கடலில் புயல் சூழ்ந்தபோது தம்மிடமிருந்த தைலத்தைக் கடலில் எறிந்துவிட்டார், அலைகள் அடங்கின! நீர்ப்பரப்பில் பரவும் எண்ணெய் சிற்றலைகளைத் தணிக்கும் என்பதைப் பெஞ்சமின் பிராங்க்ளின் 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்திருந்தார். ஒரு புட்டித் தைலத்தால் புயல் ஓயாது என்பதைப் போஸ் அறியாதவர் அல்லர், அறிந்தே நகைக்கின்றார். காய்ச்சல், முடியுதிர்வு, கடற்பயணம் என ஏனைய யாவும் அன்றாட வாழ்வின் உறுப்புகள். மிகைப்படுத்தப்பட்டது ஒன்றே. அவ்வொன்றினால் விளக்கம் பெறுவதோ, எதற்கும் காரணம் கூறிவிட முடியும் என்னும் அறிஞர்தம் செருக்கு. இக்கதையை அவரே பின்னர் விரித்தெழுதி, 1921-இல் வெளிவந்த 'அவ்யக்த' நூலில் சேர்த்தார்.

வங்கத்துக் கனவு, சென்னை இதழ்

பேகம் ரொக்கேயாவின் 'சுல்தானாவின் கனவு' 1905-இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற அக்கதையை முதலில் அச்சேற்றியது, கமலா சத்தியநாதன் ஆசிரியராயிருந்து சென்னையில் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸின்'. வங்கத்துப் பெண்மணியின் கற்பனைக்குத் தமிழ்நாட்டுத் தலைநகர் அரங்கு அளித்தது என்பது நாம் மகிழ்ந்து நினைக்கவேண்டிய செய்தி.

அந்நாட்டில் ஆடவர் அந்தப்புரத்தில் அடைபட்டிருக்கப் பெண்கள் ஆள்கின்றனர். கதிரவனின் வெப்பத்தைத் திரட்டி அடுப்பெரிக்கின்றனர். மேகத்திலிருந்து நேரே நீரைப் பெறுகின்றனர். எனினும் இப்பொறிகளைவிட நம் நெஞ்சில் நிற்பது ஒரு சிறு கணக்கே. அங்கே நாளொன்றுக்கு இரண்டு மணி நேர உழைப்பே போதும். ஏனெனில் ஒரு சுருட்டுக்கு அரைமணி வீதம் பன்னிரண்டு சுருட்டுப் புகைக்கும் ஆடவன் நாளில் ஆறு மணி நேரத்தைப் புகையாக்குகிறான்! ஒருத்தி கேட்க மற்றொருத்தி விடை கூறும் போக்கில் கதை செல்வதால் பாத்திரங்கள் உயிர்த்துடிப்புடன் எழவில்லை என்பது இதன் குறை. ஆயினும் அக்கணக்கு ஒன்றே குறையை மறக்கச் செய்கிறது. எழுதியவர் கனவோடு நிற்கவில்லை. 1911-இல் இந்நகரில் பெண்களுக்கெனப் பள்ளியும் நடத்தத் தொடங்கினார்.

இருமொழி மரபு

பின்னாளில் வங்கத்தில் இம்மரபு செழித்தது. 1961-இல் 'சந்தேஷ்' இதழில் சத்யஜித் ராயின் பேராசிரியர் ஷோங்கு பிறந்தார். 1963-இல் அத்ரிஷ் வர்தன் இவ்வகைக் கதைகளுக்கென்றே 'ஆச்சர்ய' என்னும் இதழைத் தொடங்கினார். 'கல்பவிக்ஞான்' என்னும் சொல்லை வழக்கிற்குக் கொணர்ந்தவரும் அவரே. ராயின் 'பங்குபாபுவின் நண்பன்' கதையில் வேற்றுக்கோளின் கலம் இறங்குவது ஒரு சிற்றூரின் மூங்கில் தோப்பில். அதனைக் காண்பவர் ஊரார் ஏளனத்தைப் பொறுத்துப் பொறுத்துக் கூனிய ஓர் ஏழைப் பள்ளி ஆசிரியர். அவர் தலைநிமிர்வதே கதையின் முடிவு. கலம் அதற்கொரு கருவி மட்டுமே.

தமிழும் இத்துறையில் வறியதன்று. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் தோன்றுவது கோயிலில் அன்று, சென்னைத் தெருமுனையில். அவரையும் பத்திரிகைச் சந்தாதாரராகச் சேர்த்துக்கொள்கிறார் பிள்ளை! இல்பொருளுக்கும் உள்பொருளுக்கும் இதனினும் பொருத்தமான இணைப்பு அரிது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் இயந்திர நாய் ஜீனோ சிறுவர் முதல் முதியோர் வரை அனைவரையும் கவர்ந்தது. எனினும், மக்களின் பெயரை இரண்டெழுத்தாகச் சுருக்கிவிடும் அரசு ஒன்றை அக்கதையில் அவர் படைத்தாரே, அதுவே நம்மை அச்சுறுத்துவது. அயல்மண்ணில் தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் சிதைந்து வழங்கக் கேட்டுப் பழகிய குடும்பங்களுக்கு அதன் பொருளை விளக்கவும் வேண்டுமோ?

எழுதப் புகுவோர்க்கு

இளைஞர் எழுதும் இவ்வகைக் கதைகளில் மூன்று குறைகளைப் பரவலாகக் காண்கிறோம். முதலாவது, ஒரே கதையில் பத்துப் புதுமைகளைத் திணித்தல். சிறுகதை தாங்குவது ஒன்றையே; மற்றவை அதன் விளைவுகளாக அமைதல் வேண்டும். இரண்டாவது, விளக்கவுரை. பொறி இயங்கும் முறையை இரண்டு பக்கம் உரைப்பது பாடநூலின் பணி. அதனால் ஒரு வீட்டில் என்ன மாறிற்று என்று காட்டுவது கதையின் பணி. மூன்றாவது, மண்ணின்மை. நியூயார்க்கில் தொடங்கிச் செவ்வாயில் முடியும் கதையில் மாந்தர் பெயர் மட்டும் தமிழாயிருந்தால் போதாது.

1984-இல் இந்நகரில் நிலத்தடி இரயில் ஓடத் தொடங்கியது. 2024-இல் அது ஹூக்ளி ஆற்றின் அடியிலேயே ஓடலாயிற்று. முன்னோர்க்குப் புனைகதையாய்த் தோன்றியிருக்கக் கூடியது நமக்கு அன்றாடப் பயணம். ஆகவே பொறி விரைவில் பழகிப்போகும். மாந்தர் மனம் மட்டுமே கதையில் நிலைக்கும். லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கும் பாட்டியும் நல்லதொரு எதிர்காலக் கதையின் தலைவியாகலாம்.

இதனை நாம் பொழுதுபோக்காகக் கருதிவிடலாகாது. நம் பிள்ளைகள் ஷோங்குவை வங்கமொழியில் படிக்கின்றனர். விண்வெளிக் கதைகளை ஆங்கிலத்தில் படிக்கின்றனர். தமிழ் அவர்களுக்குப் பொங்கலுக்கும் கொலுவுக்கும் உரிய மொழியாகச் சுருங்கி வருகிறது. நேற்றைப் பற்றி மட்டுமே பேசும் மொழியை இளையோர் மதிப்பர்; ஆனால் அதில் சிந்திக்கமாட்டார். நாளையைப் பற்றி ஒரு பிள்ளை தமிழில் ஒரு பக்கம் கற்பனை செய்து எழுதுமாயின், அம்மொழி அப்பிள்ளையோடு நாளைக்கும் செல்லும். அப்பக்கத்தில் பிழைகள் மலிந்திருக்கலாம். அவற்றைத் திருத்தித் தர நாம் இருக்கிறோம். எழுதத் தொடங்கவேண்டியவர் அவர்களே.